கேட்டால் பிறக்கும் பக்கம்

"வேர்ட்பிரஸ் இலவசம் என்கிறார்கள். அப்புறம் ஹோஸ்டிங்குக்கு எதற்கு வருடா வருடம் பணம்?" என்று சிற்றிதழ் நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் இலவசம்தான். மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் 2003இல் பி2 என்ற பழைய மென்பொருளிலிருந்து கிளைபிரித்து உருவாக்கியது. ஜிபிஎல் உரிமம் என்பதால் யாரும் ஓட்டலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். பணம் போவது அது ஓடும் கணினியின் வாடகைக்கு; அதுதான் ஹோஸ்டிங்.

அது எதற்காக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஹோஸ்டிங் மாறியபோதுதான் எனக்குப் புரிந்தது. பழைய இடத்திலிருந்து எல்லா ஃபோல்டர்களையும் இறக்கிப் பார்த்தேன். அப்லோட்ஸ் ஃபோல்டரில் படங்கள் வருட வாரியாக, மாத வாரியாக இருந்தன. எழுத்து ஒரு வரிகூட இல்லை. கட்டுரையின் முகவரியில் இருந்த பெயரில் ஒரு கோப்பும் இல்லை. அப்படியொரு பக்கமே கிடையாது! நீங்கள் முகவரியைத் தட்டியதும் சர்வர், அதாவது அந்த வாடகைக் கணினி, அதை இன்டெக்ஸ்.பிஎச்பி என்ற குட்டிக் கோப்பிடம் தள்ளிவிடுகிறது. அது வேர்ட்பிரஸை எழுப்புகிறது. வேர்ட்பிரஸ் முகவரியைப் பிரித்துப் படித்து, எழுத்தெல்லாம் சேமித்திருக்கும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் 'போஸ்ட்ஸ்' அட்டவணையிலிருந்து ஒரே ஒரு வரிசையை எடுக்கிறது. தலைப்பு, தேதி, கட்டுரை முழுவதும் அதில் இருக்கும். நீங்கள் திருத்துவதற்கு முந்தைய வடிவங்களும் அதே அட்டவணையில் தனித்தனி வரிசைகளாகத் தூங்குகின்றன. எடுத்த வரிசைக்குத் தீம் என்ற தோற்ற வடிவமைப்பை உடையாக உடுத்தி அனுப்புகிறது. அனுப்பியதும் அந்தப் பக்கம் சர்வரில் இல்லை. அடுத்தவர் கேட்டால் மறுபடி முதலிலிருந்து!

ஆயிரம் பேர் வந்தால் ஆயிரம் முறை இந்த வேலை. கேஷ் பிளகின் என்ற துணை நிரலைப் போட்டால் ஒருமுறை செய்த பக்கத்தையே எடுத்துவைத்துக் கொடுக்கும். சிற்றிதழுக்கு அதோடு ஷேர்டு ஹோஸ்டிங்கே போதும். பல தளங்கள் ஒரு கணினியைப் பங்கிடுவதால் மலிவு. விபிஎஸ் என்றால் உங்களுக்கென்று ஒதுக்கிய பங்கு, ஆனால் பாதுகாப்பு அப்டேட்டுகளை நீங்களே கவனிக்க வேண்டும். எதுவும் வேண்டாம், எழுதினால் போதும் என்றால் ஆட்டோமேட்டிக் நிறுவனம் நடத்தும் வேர்ட்பிரஸ்.காம் இருக்கிறது. இலவசத் திட்டமும் உண்டு, அதில் சொந்த டொமைனை, அதாவது தளத்துக்கான சொந்த முகவரிப் பெயரை, இணைக்க முடியாது.

பொதுப் பணத்தில் கட்டும் தளங்கள் எல்லாம் இப்படி யாரும் ஓட்டவும் திருத்தவும் கூடிய திறமூல மென்பொருளில்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒப்பந்தக்காரர் போனாலும் தளம் நம் கையில் இருக்கும்.

சரி, என் கட்டுரைகள் என்ன ஆயின? பழைய கணக்கு மூட இரண்டு நாள் மிச்சம் இருந்தது. தரவுத்தளத்தைக் கையாளும் கருவியான பிஎச்பிமைஅட்மினைத் திறந்து எக்ஸ்போர்ட் அழுத்தினேன். அத்தனை வருட எழுத்தும் ஒரே ஒரு எஸ்கியூஎல் கோப்பாக இறங்கியது.