செவுளைக் காட்டாத கூறு: பழைய கணினி லொட் ஏலத்தில் எடுக்கப் போகிறவர்களுக்கு

போன மாதம் காத்தான்குடித் தம்பி ஒருவர் இரண்டு பெரிய கார்கோப் பெட்டிகளோடு ஆட்டோவில் வந்து கடை வாசலில் இறங்கினார். லண்டனில் இருக்கிற மாமா ஒன்லைன் ஏலத்தில் ஒரு லொட்டாக, அதாவது பல சாமானை ஒன்றாகக் கட்டி ஒரே விலைக்கு, எடுத்து, டோர் டு டோர் கார்கோவில் போட்டு அனுப்பியது. வந்து சேர எட்டுக் கிழமை பிடித்திருக்கிறது. உள்ளே 1980களின் கணினிகள்: மூன்று கொமடோர் 64, இரண்டு சின்கிளேர் ஸ்பெக்ட்ரம், ஓர் அம்ஸ்ட்ராட் பீசிடபிள்யூ, பிறகு வயரும் அடப்டரும் பின்னிப் பிணைந்து கிடந்த ஒரு பை.

"அண்ணன், மூண்டு கொமடோர்லயும் லைட் பத்துதாம். வித்தவர் எழுதியே போட்டிருக்கார்."

"லைட் பத்தும் தம்பி. லைட் பத்த அஞ்சு வோல்ட் வந்தாக் காணும்."

கொமடோரைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில், முன்விளிம்போரம் மூன்று திருகாணி இருக்க வேண்டும். ஒன்றில் மூன்றும் இருந்தன. மற்ற இரண்டிலும் ஒவ்வொன்றுதான். திறந்தபோது இரண்டுமே பல் பிடுங்கின வாயாகக் கிடந்தன. ஒலி தருகிற சிட் சிப்பும் இல்லை, படம் தருகிற விக் சிப்பும் இல்லை, சொக்கெட் மட்டும் மிச்சம். அந்த இரண்டும் தனித்தனியே நல்ல விலை போகிற சாமான். யாரோ அவற்றைக் கழற்றி விற்றுவிட்டு, கோதை லொட்டில் சேர்த்திருக்கிறார்கள். சிவப்பு லைட் என்னவோ நன்றாகத்தான் பத்துகிறது. விற்றவர் பொய் சொல்லவில்லை.

நான் மட்டக்களப்பு ரவுணுக்குள் பதினெட்டு வருடமாகக் கணினி திருத்துகிறேன். பழைய மெஷின் பைத்தியம் பிடித்து ஒரு பத்து வருடம் இருக்கும். இப்போது நம்முடைய பிள்ளைகள் பலருக்கும் அது தொற்றியிருக்கிறது. வெளிநாட்டில் சொந்தக்காரர் இல்லாத வீடும் இங்கே குறைவு. ஆகவே பெட்டிகள் வருகின்றன. பெட்டியைத் திறந்த பிறகு என்னிடம் வந்து பயனில்லை, ஏலத்தில் விலை கேட்க முதல் வாருங்கள் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

கல்லடிக் கரையிலோ கல்முனைச் சந்தையிலோ மீன் கூறு போட்டு விற்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே இரண்டு நல்ல பாரை பளபளவென்று கிடக்கும். அடியில் என்ன கிடக்கிறது என்று விற்கிறவருக்குத்தான் தெரியும். எங்கள் அம்மா கூறைப் பார்க்கவே மாட்டா. நேரே விரலை விட்டுச் செவுளைத் தூக்கிப் பார்ப்பா. சிவப்பென்றால் பேச்சு, மண்ணிறமென்றால் அடுத்த ஆள். ஏலத் தளத்தில் உள்ள படத்துக்குள் விரலை விட ஏலாது. ஆனால் எந்தச் செவுளை நமக்குக் காட்டாமல் படம் எடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க ஏலும். லொட் மதிப்பிடுவதில் நான் கற்ற வித்தை பெரும்பாலும் அதுதான்.

முன்பக்கம் மட்டும் பத்துப் படம் இருக்கிறதா? பின்பக்கம் ஏன் இல்லை? பின்னால்தான் சீரியல் லேபிளும் வோல்டேஜும் துருவும் இருக்கும். ஆறு மெஷினுக்கு அடப்டர் எத்தனை என்று எண்ணுங்கள். திரையில் எழுத்து ஓடுகிற படம் ஒன்று இருந்தால், அது எந்த மெஷினுடையது என்று கவனியுங்கள். ஒரு மெஷினை ஓட்டிக் காட்டிவிட்டு ஆறுக்கும் சேர்த்து 'வேலை செய்கிறது' என்று எழுதுகிறவர்கள் உண்டு.

கொமடோர் 64 சரியாக எழும்பினால் நீலத் திரையில் '38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ' என்று வரும். அந்த எண்ணைப் படத்தைப் பெருப்பித்து வாசியுங்கள். 38911 என்றால் நினைவகத்தை அது எண்ணி முடித்திருக்கிறது. கார்ட்ரிஜ் (விளையாட்டோ வேறு புரோகிராமோ உள்ள செருகு பெட்டி) எதுவும் செருகாமலே எண் குறைந்திருந்தால் எங்கோ ஒரு ராம் சிப் படுத்துவிட்டது. ஸ்பெக்ட்ரம் என்றால் அடியில் 1982 என்ற ஆண்டோடு சின்கிளேர் ரிசேர்ச் என்ற வரி வரவேண்டும். அந்த வரி வந்தாலும் கீபோர்ட் வேலை செய்யும் என்று நம்பிவிடாதீர்கள். விசைகளுக்கு அடியில் இருக்கிற மெம்பிரேன் என்ற பிளாஸ்டிக் தாளின் நாடா நாற்பது வருடத்தில் காய்ந்த வாழைச்சருகு போல ஆகிவிடும். தொட்டால் முறியும். அதை மாற்றுவது பெரிய செலவில்லை, ஸ்பெக்ட்ரத்துக்கு நான் பயப்படுவதும் இல்லை.

அம்ஸ்ட்ராட் பீசிடபிள்யூ வேறு கதை. 1985இல் வந்த இந்த மெஷினுக்குள் இயங்குதளம் கிடையாது. டிஸ்க் போட்டால்தான் எழும்பும். அந்த டிஸ்க்கும் 3 அங்குலம், நாம் பழகின 3.5 அங்குலம் இல்லை. டிரைவுக்குள் ஒரு ரப்பர் பெல்ட் இருக்கும், அது இளகியோ அறுந்தோ போயிருக்கும். படத்தில் டிஸ்க் இல்லையென்றால் அந்த மெஷினுக்கு என் கணக்கில் பூச்சியம். தம்பியுடையதில் டிஸ்க் இல்லை.

அவருடைய அடப்டர்களை நான் கொமடோரில் செருக விடவில்லை. அந்தக் கறுப்புச் செங்கல் போன்ற பழைய அடப்டர் 9 வோல்ட் ஏசியும் 5 வோல்ட் டீசியும் தரும். வயது போனால் அதன் 5 வோல்ட் மெல்ல மெல்ல ஏறும். ஏறினால் ராம் சிப்புகள் பொரிந்துவிடும். மீற்றரை வைத்துப் பார்த்தோம். ஒன்று 5.1, மற்றது 6.4. "நான் வீட்டிலேயே ஒருக்கா குத்திப் பார்ப்பம் எண்டுதான் இருந்தன் அண்ணன்" என்றார். நல்லவேளை, ஆட்டோ வந்துவிட்டது.

இனி என் சொந்தப் புத்திக்கொள்முதல். 2017இல் கொழும்பு ஒஃபிஸ் ஒன்று கழித்துவிட்ட எட்டு டவர் கணினிகளை ஒரு லொட்டாக ஒன்லைனில் ஏலம் போட்டார்கள். 386, 486 சிப் போட்டவை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல வரிசையில் நிற்க வைத்து முன்பக்கப் படம் எடுத்திருந்தார்கள். துடைத்துப் பளிச்சென்று இருந்தன. எனக்குக் கை பொறுக்கவில்லை. லொறிக்கூலியும் கொடுத்து எடுத்தேன். முதல் டவரின் மூடியைக் கழற்றியதும் ஒரு புளித்த உலோக மணம். கீபோர்ட் செருகுகிற இடத்துக்குப் பக்கத்தில், சுருட்டுத் துண்டு அளவில் நீல உறை போட்ட வார்டா பற்றரி. அதைச் சுற்றிப் பச்சைப் பாசி படர்ந்திருந்தது, குளத்துப் படிக்கட்டில் படர்கிற மாதிரி. நிக்கல் கட்மியம் பற்றரி அது, 3.6 வோல்ட். திகதியும் நேரமும் மறக்காமலிருக்க மதர்போர்ட்டிலேயே வைத்துப் பற்றவைத்துவிடுவார்கள். முப்பது வருடத்தில் கசியும். கசிகிற காரம் செப்புக் கோடுகளைத் தின்றுகொண்டே போகும். போர்ட்டின் மேற்பூச்சுக்கு அடியிலும் ஓடும். தேசிக்காய்ப் புளியை விட்டுப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் காரம் முறியும், பிறகு ஐசோபுரொப்பைல் அல்ககோலால் கழுவலாம். அறுந்த கோடுகளை வயர் பிடித்து ஒட்டலாம். நான் ஒட்டினேன், இரவு இரவாக. எட்டில் ஆறு எழும்பவே இல்லை. தப்பியவை இரண்டு, அவற்றில் காசு வடிவப் பற்றரி போட்டிருந்தது.

இதே வில்லங்கம் கொமடோர் கம்பனியின் அமிகா 2000, அமிகா 500 பிளஸ், அமிகா 4000 எல்லாவற்றிலும் உண்டு. வெறும் அமிகா 500இன் போர்ட்டில் பற்றரி இல்லை, ஆனால் அடிக்கதவுக்குள் செருகுகிற நினைவக அட்டையில் இருக்கும். பழைய அப்பிள் மெக்கின்டோஷ்களில் ஏஏ பற்றரியின் பாதி உயரமுள்ள 3.6 வோல்ட் லித்தியம் பற்றரி. அது கசிவதோடு நிற்காது, வெடித்து உள்ளிருக்கிற இரும்பையும் துருவாக்கிவிடும். எஸ்இ/30 போன்ற நல்ல மெஷின்களை அப்படிப் பிணமாகப் பார்த்திருக்கிறேன். அவற்றில் கெப்பாசிட்டர்களும் (மின்னைத் தேக்கிவைக்கிற சின்ன உருளைகள்) ஒழுகும். ஒழுகின கெப்பாசிட்டரில் பற்றவைக்கிற அயனைச் சூடாக வைத்தால் கடைக்குள் மீன் நாறும். எங்கள் ஊரில் இருந்துகொண்டு நான் இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அசல் மீன் நாற்றம்தான்.

ஆகவே விற்கிறவருக்கு நான் அனுப்புகிற முதல் கேள்வி: பற்றரியைக் கழற்றிவிட்டீர்களா, மதர்போர்ட்டின் படம் ஒன்று தர முடியுமா? படம் அனுப்புகிறவரிடம் விலை கேட்பேன். 'திறந்து பார்க்க எனக்குத் தெரியாது' என்கிறவரிடமும் குறைத்துக் கேட்பேன், அது நேர்மையான பதில். பதிலே தராதவரை விட்டுவிடுவேன்.

2000க்குப் பிறகு வந்த பென்டியம் மெஷின்களில் வேறொன்றைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் தரமற்ற கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்கப் போர்ட்டுகளில் ஏறின. அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். அப்பம் போல நடுவில் உப்பியிருந்தாலோ மண்ணிறமாகக் கசிந்திருந்தாலோ படத்திலேயே தெரியும்.

'அன்டெஸ்டட்' என்ற சொல்லையும் சொல்லிவிட வேண்டும். சோதிக்கவில்லை என்று அர்த்தம். பல வேளை, சோதித்தேன், எழும்பவில்லை, அதை எழுத விருப்பமில்லை என்று அர்த்தம். கணினியும் வயரும் சரியான மொனிட்டரும் எல்லாம் அதே படத்தில் இருக்க, 'சோதிக்க வசதியில்லை' என்று ஒருவர் எழுதினால் என் புருவம் உயரும். ஜப்பான் தளங்களில் 'ஜங்க்' என்று போட்டால் எதுவும் திருப்பி எடுக்கமாட்டோம் என்று விளங்கிக்கொள்ள வேண்டும். அதற்குள் நல்ல மெஷினும் இருக்கும், ஓட்டை உடைசலும் இருக்கும். ஜப்பான் மெஷினுக்கு 100 வோல்ட், அமெரிக்க மெஷினுக்கு 120. நம்முடைய பிளக்கில் 230. சிலவற்றின் பின்னால் 115, 230 என்று சிவப்புச் சுவிட்ச் இருக்கும். 115இல் கிடக்கும்போது குத்தினால் டப்பென்ற சத்தத்தோடு கதை முடியும். சுவிட்சே இல்லாதவையும் உண்டு. பின்பக்கப் படம் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நட்டக் கதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். லாபமும் வரும், ஆனால் விற்கிறவர் கவனிக்காத மூலையிலிருந்து. ஒரு முறை ஒன்றுக்கும் உதவாத மூன்று கிளோன் (ஐபிஎம்மைப் பார்த்து மற்றவர்கள் செய்த) பீசீக்கள் லொட்டாக வந்தன. இரண்டாவது படத்தின் ஓரத்தில், ஒரு பெட்டிக்கு அடியில், கீபோர்ட் ஒன்றின் கால்வாசி தெரிந்தது. சாம்பல் நிறத் தடித்த ஓரம், சுருள் வயர். ஐபிஎம் மொடல் எம் என்று கண்டுகொண்டேன். 1985 முதல் வந்தது, ஒவ்வொரு விசைக்குள்ளும் மடங்குகிற ஸ்பிரிங், எடை இரண்டு கிலோவுக்கு மேல், செய்த திகதி அடியில் ஒட்டியிருக்கும். மூன்று பீசீயையும் பழைய இரும்புக்கே கொடுத்தேன். அந்தக் கீபோர்டில்தான் இதை அடிக்கிறேன். மனைவிக்கு அந்தச் சத்தம் ஆகாது.

சில லொட்டுகளின் விலை காரணமில்லாமல் ஏறும். அங்கே உங்களோடு மோதுகிறவர் பெரும்பாலும் சேகரிக்கிறவராக இருக்கமாட்டார், தங்கம் உருக்குகிறவராக இருப்பார். பென்டியம் புரோ போன்ற பழைய செரமிக் சிப்புகளில் தங்கம் அதிகம். அவருடைய கணக்கு வேறு. அவரோடு ஓடவேண்டாம்.

காசுக் கணக்குக்கு வருவோம். படத்தில் அடையாளம் காணக்கூடியதை மட்டும் தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஈபேயில் 'விற்று முடிந்தவை' என்று வடிகட்டி, பழுதாக விற்ற விலையைப் போடுங்கள். கேட்கிற விலையைப் போடாதீர்கள், கேட்க யாரும் கேட்கலாம். பையில் கட்டினது, பெட்டிக்கு அடியில் கிடப்பது எல்லாம் பூச்சியம். பிறகு கழியுங்கள். பிரிட்டனில் ஏலக் கம்பனிகள் சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் வாங்குபவரிடம் கொமிஷன் எடுக்கும், பல இடங்களில் 20 வீதத்தைத் தாண்டும், அதற்கு மேல் வற் வரி. விமான கூரியர் என்றால் நிறையோடு பெட்டியின் பருமனையும் பார்த்து, எது கூடவோ அதற்குக் காசெடுப்பார்கள். பருமனுக்கு நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் பிரிப்பார்கள். 60க்கு 50க்கு 50 பெட்டி என்றால் 30 கிலோ. உள்ளே 12 கிலோ கிடந்தாலும் 30 கிலோவுக்குத்தான் காசு. சுங்கத்திலும் பொருளின் விலையோடு கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்த்த பெறுமதிக்குத்தான் வரி. பழைய குழாய் மொனிட்டர்களை நான் எடுப்பதே இல்லை. அவை உடைந்து வந்தால் ஈயம் கலந்த கண்ணாடியை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? வாவிக்கரையிலா?

வந்து சேர்ந்த பிறகு நம்முடைய காற்று இருக்கிறது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. நாற்பது வருடம் லண்டன் பரணில் துருப்பிடிக்காத திருகாணி, இங்கே ஒரு வாடைக்காலத்தில் சிவக்கும். காற்றுப் புகாத பெட்டி, சிலிக்கா ஜெல். வேறு வழியில்லை.

தம்பியின் 210 பவுண் லொட்டில் கடைசியில் முழுதாக வேலை செய்தது ஒரு கொமடோர், ஒரு ஸ்பெக்ட்ரம். கொமடோரில் 38911 வந்தபோது அவர் படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினார். மற்ற ஸ்பெக்ட்ரத்துக்கு மெம்பிரேன் வரவேண்டும்.

நேற்று அவரே ஒரு லிங்க் அனுப்பியிருந்தார். ஐந்து அமிகா, ஒரே லொட், லண்டன் நேரம் இரவு 9 மணிக்கு முடிகிறது, நமக்கு விடியப்புறம் 1.30. எட்டுப் படம், எட்டும் முன்பக்கம். பின்பக்கமும் அடிக்கதவுக்குள்ளும் படம் கேட்டு எழுதச் சொன்னேன். எழுதினார். 1.15 வரைக்கும் இரண்டு பேரும் போனில் காத்துக்கொண்டிருந்தோம். பதில் வரவில்லை.

"என்ன அண்ணன் செய்வம்?"

"படுப்பம் தம்பி."