எதிர்காற்றில் ஏறும் வட்டு

நூறு மீட்டர் ஓட்டக்காரரிடம் எதிர்காற்று வீசுகிறது என்று சொல்லுங்கள், முகம் சுளிப்பார். வட்டு எறிபவரிடம் சொல்லுங்கள், எழுந்து காலணியின் நாடாவை இறுக்குவார். ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் இடைப்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு எறிதல் போட்டிகளில் பயிற்சி கொடுக்கிறவன் நான். பெற்றோரிடம் விளக்கிச் சொல்ல அதிகப் பாடுபடுவது இந்த ஒரு விஷயத்துக்குத்தான். காற்று எதிரே நின்று தடுக்கும்போது எறிந்த பொருள் எப்படித் தூரமாகப் போகும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

சான்று வேண்டுமென்றால் அமெரிக்காவில் இருக்கிறது. ஆண்கள் வட்டு எறிதலில் கிழக்கு ஜெர்மனியின் யூர்கன் ஷுல்ட் 1986இல் எறிந்த 74.08 மீட்டர், ஏறக்குறைய 38 ஆண்டுகள் அசையாமல் கிடந்தது. 2024 ஏப்ரலில் லித்துவேனியாவின் மைகோலஸ் அலெக்னா 74.35 மீட்டர் எறிந்து அதை முறியடித்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவரே 75.56 மீட்டர் எறிந்தார். இரண்டுமே ஓக்லஹோமா மாநிலத்தின் ரமோனா என்ற சிற்றூரில், காற்றடிக்கும் திறந்தவெளித் திடலில் நடந்தவை. பெரிய அரங்கங்களை விட்டுவிட்டு வீரர்கள் அங்கே போவது காற்றைத் தேடித்தான்.

காரணம் வட்டின் வடிவத்தில் இருக்கிறது. ஓரம் மெலிந்து நடு சற்றுத் தடித்த அந்தத் தட்டு, காற்றைச் சிறு சாய்வோடு சந்தித்தால் விமான இறக்கை செய்யும் வேலையைச் செய்கிறது. தன்மேல் படும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டு, தான் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. இந்தத் தூக்குவிசை, வட்டுக்கும் காற்றுக்கும் இடையிலான வேகத்தின் இருமடியை, அதாவது வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி வருவதைப் பொறுத்து மாறும். சூட்சுமமே அந்த இருமடியில்தான்.

கணக்கிட்டுப் பார்க்கலாம். நன்றாக எறியப்பட்ட வட்டு தன் பாதையின் உச்சியில் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்று இல்லாத நாளில் இருமடி 400. நொடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் எதிர்காற்று அடித்தால் வட்டு உணரும் வேகம் 25, இருமடி 625. அதே காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தால் வேகம் 15. இருமடி 225 மட்டுமே. ஒரே கை, ஒரே வட்டு, ஒரே வேகம். ஆனால் தாங்கிப் பிடிக்கும் விசை இரண்டரை மடங்குக்கும் மேல் வேறுபடுகிறது. எதிர்காற்றில் வட்டைப் பின்னோக்கித் தடுக்கும் இழுவையும் கூடும், மறுக்கவில்லை. ஆனால் சாய்வு சரியாக இருக்கும்வரை தூக்குவிசை இழுவையைவிடப் பெரியது. வேகத்தில் இழப்பதை, காற்றில் கூடுதலாக மிதக்கும் நேரத்தில் ஈடுகட்டி, அதற்கு மேலும் சில மீட்டர்களைச் சம்பாதித்துவிடுகிறது வட்டு.

இந்தச் ‘சாய்வு சரியாக இருக்கும்வரை’ என்பதில்தான் பயிற்சியாளனின் பிழைப்பு இருக்கிறது. வலக்கைக்காரர் எறியும்போது வட்டு கடைசியாக ஆள்காட்டி விரலின் நுனியை உரசிக்கொண்டு கழன்று, மேலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுழல்கிறது. வேகமாகச் சுழலும் பொருள் தன் நிலையை எளிதில் மாற்றிக்கொள்ளாது. புறப்படும்போது என்ன சாய்வோ, ஏறத்தாழ அதே சாய்வில்தான் இறங்கும்வரை இருக்கும். ஆனால் பாதை வளைகிறது. முதலில் மேல்நோக்கி, பிறகு கிடையாக, பிறகு கீழ்நோக்கி. தட்டு அப்படியே நிற்க, பாதை மட்டும் வளைவதால், காற்று தட்டைச் சந்திக்கும் கோணம் நொடிக்கு நொடி பெரிதாகிக்கொண்டே போகிறது. அதனால்தான் தேர்ந்த வீரர், பாதை 35 டிகிரி மேல்நோக்கி இருந்தாலும் தட்டை அதைவிடத் தாழ்வாகப் பிடித்து விடுகிறார். தொடக்கத்தில் தூக்குவிசை கிடைக்காது. சற்றே கீழ்நோக்கிக்கூட அமுங்கும். பலன் பிற்பாதியில் கிடைக்கும். விழவேண்டிய நேரத்தில் விழாமல் வட்டு மிதக்கிறதே, அது இந்தச் சேமிப்பு.

எதிர்காற்று இந்தக் கோணத்தையும் மாற்றிவிடுகிறது. நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் 35 டிகிரியில் கிளம்பும் வட்டுக்கு, 5 மீட்டர் எதிர்காற்றில், காற்று 29 டிகிரியில் வருவதுபோல் இருக்கும். ஆறு டிகிரி வித்தியாசம். தட்டின் முன்விளிம்பை அதற்கேற்பத் தாழ்த்தாவிட்டால் கோணம் மிதமிஞ்சிப் போய், ஏறக்குறைய 30 டிகிரியைத் தொடும்போது தூக்குவிசை அறுந்துவிடும். வட்டு வானத்தைப் பார்த்து எழும்பி நின்று, பொத்தென்று விழும். புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு எதிர்காற்றில் தூரம் கூடாமல் குறைவது இதனால்தான். வட்டு தள்ளாடினால் காற்று உதவாது, தண்டிக்கும். சுழற்சி பழகாத பிள்ளையை எதிர்காற்றில் நிறுத்தி எறியச் சொல்வது வீண்வேலை என்பது என் கருத்து.

பெண்களின் வட்டு 1 கிலோ, விட்டம் சுமார் 18.1 சென்டிமீட்டர். ஆண்களுடையது 2 கிலோ, 22 சென்டிமீட்டர். எடை பாதியானாலும் பரப்பு பாதியாகவில்லை. ஒரு கிலோவுக்கு எவ்வளவு பரப்பு என்று பார்த்தால் ஆண்களுக்கு 190 சதுர சென்டிமீட்டர், பெண்களுக்கு 257. பெண்கள் வட்டு காற்றுக்கு அதிகம் கட்டுப்படும். எடை குறைவும் இந்த மிதப்பும் சேர்ந்துதான், பெண்கள் உலக சாதனை ஆண்கள் சாதனையைவிட நீளமாக இருக்கிறது. 1988இல் கேப்ரியேல ரைன்ஷ் எறிந்த 76.80 மீட்டர் இன்னும் நிற்கிறது.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். காற்றுக்குப் பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டிய அவசியம் இங்கே எனக்கு இல்லை. தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் எப்போது ஓயும், வடகிழக்கிலிருந்து வரும் வாடை எப்போது தொடங்கும் என்பது படகுக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு நடக்கப் பழகும் வயதிலேயே தெரியும். கச்சான் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் கொந்தளிக்கும். வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம். இரண்டு கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில் காற்றைத் தடுக்கப் பனையும் உடைமரமும் தவிர வேறொன்றும் இல்லை. பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுகிற ஊர் இது. நொடிக்கு 16 மீட்டர். அந்தக் காற்றில் வட்டைத் தொட வேண்டாம்.

இங்கேதான் சிக்கல். எறிவட்டம், அதாவது உள்ளே நின்று எறியும் சிமெண்டு வட்டம், தென்மேற்கைப் பார்த்து அமைந்த திடல் என்று வையுங்கள். ஆனி, ஆடியில் ஒரு மாணவி எறிகிற ஒவ்வொரு எறியும் கச்சானை எதிர்த்துப் போகும். தூரம் கூடும், வீட்டில் மகிழ்ச்சி. கார்த்திகையில் அதே திடலில் வாடை முதுகில் அடிக்கும். தூரம் குறையும், பிள்ளை சோம்பிவிட்டாள் என்ற பேச்சு கிளம்பும். அல்லது நான்கு பக்கமும் மாடம் கட்டிய வெளியூர் அரங்கில் மாநிலப் போட்டி நடக்கும். காற்றே இல்லாத அந்தக் கிணற்றுக்குள் சில மீட்டர் குறைந்தால் பயந்துவிட்டாள் என்பார்கள். டேப் அளப்பது பிள்ளையை மட்டுமல்ல, காற்றையும் சேர்த்துத்தான். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத பயிற்சியாளர் முன்னேறும் பிள்ளையைத் திட்டுவார், தேங்கிய பிள்ளையைப் பாராட்டுவார்.

பிரிக்க வழி உண்டு. முதலாவது, குண்டு எறிதல். 4 கிலோ இரும்புக் குண்டைக் கச்சானும் வாடையும் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது. வட்டின் தூரம் கூடிக் குண்டின் தூரம் அப்படியே இருந்தால், பெண்ணின் பலம் கூடியிருக்கிறது என்று அவசரப்பட்டு எழுத மாட்டேன். ஆனால் குண்டு பலத்தைத்தான் காட்டும், நுட்பத்தைக் காட்டாது. அதற்குச் செல்போன் கேமரா. நொடிக்கு 240 படம் எடுக்கும் வசதி இப்போது பல போன்களில் இருக்கிறது. நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் கழலும் வட்டு அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கு இடையில் 8 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக நகரும். வட்டு கழலும் இடத்துக்கு நேர் பின்னால், அடிக்கு அடி கோடு போட்ட கம்பைக் கிடையாகக் கட்டி வைத்துப் பக்கவாட்டிலிருந்து படம் எடுத்தால், கையை விட்ட கணத்தின் வேகம் ஓரளவு துல்லியமாகக் கிடைக்கும். அந்த வேகத்தில் காற்றின் பங்கு மிகக் குறைவு. அது கூடினால் பிள்ளை தேறுகிறாள், அவ்வளவுதான்.

ஈட்டி வேறு ஜாதி. 1984இல் ஊவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்தார். திடலே போதாதோ என்ற கவலை ஒரு பக்கம். ஈட்டி படுக்கையாக வந்து சறுக்கியதால் முனை குத்தியதா இல்லையா என்ற தகராறு இன்னொரு பக்கம். 1986இல் ஆண்கள் ஈட்டியின் ஈர்ப்பு மையத்தை 4 சென்டிமீட்டர் முன்னே தள்ளினார்கள். அதன்பின் ஈட்டி மூக்கைச் சீக்கிரம் கவிழ்த்துக் குத்துகிறது. வட்டைப்போல் அது எதிர்காற்றில் சவாரி செய்யாது. முனையைச் சற்றுத் தூக்கி விட்டாலும் எதிர்காற்றில் இழுவைதான் கூடும்.

உப்புக்காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். வட்டின் இரும்பு விளிம்பு இங்கே எளிதில் துரு ஏறும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பளபளக்கும். கூடவே கிராம் கிராமாக எடையும் போகும். போட்டி நாளில் தராசில் வைக்கும்போது 1 கிலோவுக்கு ஒரு கிராம் குறைந்தாலும் அந்த வட்டு செல்லாது. எண்ணெய்த் துணியால் துடைத்துச் சாக்கில் சுற்றி வைப்பதே மேல், எறியும் முன் எண்ணெய்ப் பிசுக்கை உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். எறிவட்டத்தின் சிமெண்டில் படியும் மணலும் அப்படித்தான். இரண்டு எறிக்கு ஒருமுறை விளக்குமாறு போடாவிட்டால் திரும்பும் கால் வழுக்கும்.

நூறு மீட்டரிலும் நீளம் தாண்டுதலிலும் பின்காற்று நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் சாதனை செல்லாது. வட்டு எறிதலில் அப்படி வரம்பு இல்லை. ரமோனாவுக்குப் பிறகு வரம்பு வேண்டும் என்று பேசுகிறார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. காற்றைப் படிப்பதும் இந்த விளையாட்டின் திறமைதான். எதிர்காற்று எல்லாருக்கும் வீசினாலும் முன்விளிம்பைத் தாழ்த்தத் தெரிந்தவருக்குத்தான் மீட்டர் கிடைக்கிறது. ஆனால் தூரத்துக்குப் பக்கத்தில் காற்றின் வேகத்தையும் திசையையும் அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்? பள்ளிப் போட்டிகளில் அதற்குக் கருவி வாங்கப் பணம் இல்லை என்பார்கள். எறிவட்டத்தைச் சுற்றியுள்ள வலைக் கூண்டின் கம்பத்தில் ஒரு ரிப்பனைக் கட்டி, கச்சானா வாடையா, ரிப்பன் எவ்வளவு நிமிர்ந்து பறக்கிறது என்று நோட்டில் ஒரு பத்தி கூடுதலாக எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும்.