பிய்ந்த பிறகும் குத்தும் கொடுக்கு

காவேரிப்பட்டணம் பக்கம், மாந்தோப்பை ஒட்டிய மைதானம். சாயங்காலக் கபடிப் பயிற்சி. ரெய்டு போய்த் திரும்பிய ஏழாம் வகுப்புப் பையன் திடீரென்று அலறிக்கொண்டு பிடரியைப் பிடித்தான். தேனீ. ஒருவர் சுண்ணாம்பு வாங்கப் பெட்டிக்கடைக்கு ஓடினார். இன்னொருவர், "கையால பிடுங்காதீங்க, விஷம் உள்ளே இறங்கிடும்" என்று தடுத்துவிட்டு, சுரண்டி எடுக்க ஏடிஎம் கார்டைத் தேடினார். நான் செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். தோலில் ஒரு பழுப்பு முள், அதன் தலையில் கசகசா அளவுக்கு வெளிறிய பை. தேனீ போய்விட்டது, பை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

தேனீயின் கொடுக்கு ஒற்றை ஊசி அல்ல. பின்னோக்கிய முட்கள் உள்ள இரண்டு ஈட்டிகள் ஓர் உறைக்குள் மாறி மாறி முன்னேறும். தேனீ பறக்க முயலும்போது கொடுக்கு, விஷப்பை, தசைகள், அவற்றை இயக்கும் நரம்பு முடிச்சு எல்லாம் சேர்ந்து பிய்ந்துவிடும். அந்த நரம்பு முடிச்சு இருப்பதால்தான் உடம்பு இல்லாமலேயே அது விஷத்தை இறைக்கிறது, தோலுக்குள் ஆழமாகவும் இறங்குகிறது. பெரும்பாலான விஷம் முதல் அரை நிமிடத்துக்குள் இறங்கிவிடும். அதனால் கார்டைத் தேடுவது வீண். கிள்ளி எடுத்தாலும் சுரண்டி எடுத்தாலும் வீக்கத்தில் வித்தியாசம் இல்லை, தாமதம்தான் வீக்கத்தைக் கூட்டுகிறது என்று 1996-லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டிவிட்டார்கள். நகத்தால் பிடுங்கிப் போட்டேன். குளவியின் கொடுக்கில் இப்படி மாட்டிக்கொள்ளும் முட்கள் இல்லை. அது திரும்பத் திரும்பக் கொட்டும், தோலில் தேடி எடுக்க எதுவும் இருக்காது.

எடுத்த கையோடு பையன்களை அங்கிருந்து நகர்த்தினேன். கொட்டிய இடத்திலிருந்து பழுத்த வாழைப்பழ வாசனையுள்ள ஒரு வேதிப்பொருள் கிளம்பும். மற்ற தேனீக்களுக்கு அது 'இங்கே வா' என்ற அழைப்பு. பாறையிலும் தண்ணீர்த் தொட்டியிலும் கூடு கட்டும் மலைத்தேனீயாக இருந்தால் கூட்டமே வந்துவிடும்.

சரி, சுண்ணாம்பு? விஷம் அமிலம், சுண்ணாம்பு காரம், ஒன்றையொன்று முறித்துவிடும் என்பது கணக்கு. ஆனால் விஷத்தின் உலர்ந்த எடையில் பாதியளவு இருக்கும் மெலிட்டின் என்ற புரதமே காரத்தன்மை உடையது. செல் சவ்வுகளில் ஓட்டை போட்டு வலியை உண்டாக்குவதும் அதுதான். தோலுக்கு அடியில் நடக்கும் இந்த வேலையை மேலே பூசிய சுண்ணாம்பு எட்டாது, தோலைப் புண்ணாக்கிவிடலாம். அதே பெட்டிக்கடையில் ஒரு ஐஸ் வாட்டர் பாட்டில் வாங்கியிருக்கலாம். குளிர்ச்சி ரத்தக் குழாய்களைச் சுருக்கும், நரம்பை மரத்துப்போக வைக்கும்.

கொட்டிய இடத்தில் மட்டும் வீங்கினால் பயமில்லை. உடம்பெங்கும் தடிப்பு, உதட்டு வீக்கம், கரகரத்த குரல், மூச்சுத் திணறல், தலைசுற்றல், வாந்தி என்று எதையாவது கண்டால் உடனே 108. இது ஒவ்வாமை, அட்ரினலின் ஊசிதான் மருந்து. "போன தடவை கொட்டியபோது ஒண்ணும் ஆகலையே" என்பது ஆறுதல் ஆகாது. சிலருக்கு முந்தைய கொட்டில்தான் உடம்பு விஷத்தை அடையாளம் கண்டு எதிர்ப்புப் புரதங்களைத் தயார் செய்கிறது, அடுத்த கொட்டில் அவை ஒவ்வாமையைத் தூண்டிவிடலாம்.

அதனால் பையனை அரை மணி நேரம் உட்காரவைத்துக் கவனித்தேன். அப்படியே அவன் முழங்காலில் இருந்த சிராய்ப்பையும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினேன். காபித்தூள் வைக்கவில்லை, புண்ணில் ஒட்டிய மண்ணே போதும், தூளையும் ஏன் சேர்ப்பது?

அப்புறம்தான் சுண்ணாம்பு வந்து சேர்ந்தது. வாங்கி வந்தவரே அதை வெற்றிலையில் தடவிப் போட்டுக்கொண்டார்.