தாழி கிடைத்த இடத்தைச் சரியாகக் குறித்துவையுங்கள்

கீழடியில் 2015இல் குழி வெட்டத் தொடங்கியது எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன் 2013-14இல், இந்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணன் குழு வைகைக் கரையோரம் ஊர் ஊராகப் போய் 293 இடங்களைக் குறித்துவைத்தது பலருக்குத் தெரியாது. கீழடி அந்த 293இல் ஒன்று.

இப்படிக் குறித்த இடங்களைக் கணினி வரைபடத்தில் ஏற்றுவதுதான் என் வேலை. ஏரி, ஓடை, பாறை, பழைய வண்டிப்பாதை, தாழிக்காடு (முதுமக்கள் தாழிகள் புதைந்த இடம்), நத்தமேடு (பழைய குடியிருப்பு இருந்த மேடு) என ஜிஐஎஸ் எனப்படும் வரைபட மென்பொருளில் ஒவ்வொன்றும் தனி அடுக்கு. க்யூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அடுக்குகளைச் சேர்த்துப் பார்த்தால், கல்வட்டங்கள் (பழங்காலப் புதைகுழியைச் சுற்றி வட்டமாக வைத்த கற்கள்) பெரும்பாலும் உழவுக்கு உதவாத மேட்டிலும் மலையடிவாரத்திலும் இருப்பது தெரியும். அடுத்து எங்கே தேடலாம் என்பதும் பிடிபடும். அந்த மேடு இன்று குவாரியாகவோ வீட்டுமனையாகவோ மாறியிருந்தால் கொரோனா படங்களைத் தேடுவேன். அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை எடுத்த படங்கள் அவை. 1995இல் ரகசியம் நீக்கப்பட்டதால் யாரும் பார்க்கலாம். ஜேசிபி வருவதற்கு முந்தைய நிலம் அதில் இருக்கிறது.

ஆனால் இடத்தைக் காட்டக் குறித்த அட்சரேகை, தீர்க்கரேகை எண் தப்பாக இருந்தால் இவ்வளவும் வீண். நான் அடிக்கடி பார்க்கும் பிழை, அட்சரேகை 9 டிகிரி 45 நிமிடத்தை 9.45 என்று எழுதிவிடுவது. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் அது 9.75. இந்த ஒரு பிழையில் கல்வட்டம் சுமார் 33 கிலோமீட்டர் தெற்கே போய்விடும். இன்னொன்று, பழைய சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தில் அளந்த எண். அது பூமியின் வடிவத்தை வேறு விதமாகக் கணக்கிடும் பழைய எவரெஸ்ட் அளவை முறையில் அமைந்தது; கைப்பேசி காட்டுவதோ இன்றைய டபிள்யூஜிஎஸ் 84 முறை. மாற்றாமல் ஏற்றினால் நம் பகுதியில் 100 மீட்டருக்கும் மேல் விலகும். கரையில் நிற்கும் நடுகல் வரைபடத்தில் ஏரிக்குள் இருக்கும்.

களத்துக்குப் போகும் ஆசிரியர்களே, மாணவர்களே, வெட்டவெளியில் நின்று ஜிபிஎஸ் நிலைக்கும்வரை பொறுங்கள். தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் எழுதுங்கள். ஐந்தாவது இலக்கம் ஏறக்குறைய 1 மீட்டரைக் குறிக்கும். புல எண்ணையும், ஊர்க்காரர்கள் ‘பாண்டவர் குழி’ என்பதுபோல் சொல்லும் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் அதிலுள்ள இட விவரம் அழிந்துவிடும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த எண்களை முகநூலில் போடாதீர்கள். புதையல் தேடிக் கடப்பாரையோடு அலைபவர்களும் அதைப் படிக்கிறார்கள். கல்திட்டையின் (கற்பலகைகளால் அமைத்த பழங்கால ஈமச்சின்னத்தின்) மூடுகல்லைப் புரட்டிக் கிளறிவிட்டால், உள்ளே எது எங்கே வைக்கப்பட்டிருந்தது என்பதை இனி எந்த மென்பொருளாலும் சொல்ல முடியாது. பொதுவெளியில் ஒரு படமும் மாவட்டத்தின் பெயரும் போதும். சரியான எண்களைத் தொல்லியல் துறைக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதே புல எண்ணில் குவாரிக்கு விண்ணப்பம் வரும்போது காட்ட அந்தத் தாள் வேண்டும்.