மக்காக் கரிம மாசு

பூச்சிமருந்தான டிடிடி, மின்கருவி எண்ணெயில் இருந்த பிசிபி, எரிப்பதில் உண்டாகும் டையாக்சின் வகையறாவுக்கு ஆங்கிலத்தில் 'பெர்சிஸ்டன்ட் ஆர்கானிக் பொல்யூட்டன்ட்' என்று பெயர். தமிழில் பெரும்பாலும் 'நிலைத்த கரிம மாசு' என்று எழுதுகிறோம்.

தொல்லை நடுச்சொல்லில்தான். 'ஆர்கானிக்' கத்தரிக்காய் வாங்கிப் பழகியவர் 'இயற்கை மாசு' என்று எழுதிவிட்டால் பொருளே தலைகீழ். உயிரிலிருந்து மட்டுமே கிடைக்கும் என்று நம்பிய சேர்மங்களுக்கு வேதியியலார் அன்று வைத்த பெயர் அது. 1828இல் ஜெர்மன் வேதியியலார் வோலர் உயிரின் துணையில்லாமல் யூரியா செய்துகாட்டியதும் நம்பிக்கை ஆட்டம் கண்டது. பெயர் மட்டும் தங்கிவிட்டது. இலங்கைத் தமிழின் 'சேதனம்' (சேதனப் பசளை, சேதன இரசாயனம்) அந்தப் பழைய பொருளையே சுமக்கிறது. சேதனம் என்றால் உயிருணர்வு. 'கரிமம்' கரியிலிருந்து, அதாவது கார்பனிலிருந்து வந்தது. டிடிடியில் உயிர் ஏது? கார்பன் உண்டு. ஆக, இங்கே கரிமமே சரி.

'நிலைத்த' எனக்கு ஒப்பவில்லை. நிலைத்த புகழ், நிலைத்த செல்வம் என்று நல்லதற்கே பழகிய சொல். குப்பைத்தொட்டியில் எழுதியிருக்கும் 'மக்காத' போதுமே! வெயில் நாட்டில் தெளித்த மருந்து ஆவியாகிக் காற்றில் ஏறும், குளிர்ந்த இடத்தில் படியும், சூடு வந்தால் மறுபடி எழும்பும். இதற்கு 'வெட்டுக்கிளி விளைவு' என்று பெயர். துருவத்துக்குப் போனபின் அந்தக் குளிரில் எழும்புவதும் கஷ்டம், மக்குவதும் கஷ்டம்.

அண்டார்க்டிகப் பாறையில் ஒட்டியிருக்கும் லைக்கன்கள், நம் பிரியாணிக் கல்பாசிக்குச் சொந்தம்தான். வேர் கிடையாது, காற்றும் பனியும் கொண்டுவருவதுதான் சாப்பாடு. அதனால் காற்றில் என்ன வந்தது என்று அறிய ஆய்வாளர்கள் அதைச் சுரண்டி எடுக்கிறார்கள். பெங்குயின்கள் கூடும் இடத்து மண்ணுக்கு இன்னொரு வழியும் உண்டு. கடலில் தின்ற கிரில் (இறால் போன்ற சிற்றுயிர்), மீன் வழியாக உடம்பில் சேர்ந்தது கழிவோடு கரையில் விழுகிறது. அடேலி பெங்குயினுக்குள் டிடிடி இருந்தது 1966லேயே வெளியான செய்தி. பறவையின் எச்சத்தில் பூச்சிமருந்தின் எச்சம். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்.

அப்புறம், 'மாசு'. தூசு, அழுக்கு, கறை என்று துடைத்தால் போகிறவற்றுக்கு வழங்கிய சொல். இது கொழுப்பில் கரைந்து, மீனிலிருந்து சீலுக்கும் சீலிலிருந்து கரடிக்கும் கூடிக்கொண்டே போகும். 1980களில் கனடாவின் கியூபெக் மாகாணத்து வடபகுதியான நுனாவிக்கில் இனுவிட் பழங்குடித் தாய்மாரின் பாலைச் சோதித்தபோது, தெற்குக் கியூபெக் தாய்மாரின் பாலில் இருந்ததைப்போல் சுமார் ஐந்து மடங்கு பிசிபி இருந்தது.