ஒரு திருகாணியும் இரண்டரைக் கிலோ கேமராவும்

பினாங்கு லெபு பாசாரில் ஒரு பழைய கடைவீட்டை அஞ்சடியிலிருந்து (கடை முன்னுள்ள மூடிய நடைபாதை) கூரை ஓடு வரை ஒரே படத்தில் பிடிக்க வேண்டுமென்றால், கேமராவைச் செங்குத்தாகத் திருப்பியாக வேண்டும். கைப்பேசிக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. பென்டாக்ஸ் 67 மாதிரியான மீடியம் ஃபார்மட் (அகல ஃபிலிம் போடும்) கேமராவை ட்ரைபாட்டில் மாட்டிப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். லென்ஸ் மெல்லத் தலைகுனிய ஆரம்பிக்கும். நன்றாக இறுக்கித்தானே வைத்தோம், எப்படி நழுவுகிறது?

கேமராவை ட்ரைபாட்டில் மாட்டும் திருகாணி செய்வது ஒரே வேலைதான்: கேமராவின் அடிப்பாகத்தை ட்ரைபாட் தலையிலுள்ள தட்டோடு சேர்த்து இழுத்துப் பிடிப்பது. கேமரா சுழலாமல் தடுப்பது உராய்வு மட்டுமே. ஒற்றை ஆணியில் தொங்கும் நாட்காட்டி கீழே விழாது, ஆனால் இப்படியும் அப்படியும் திரும்பும் அல்லவா? அதே கதைதான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். லென்ஸும் மேலே பார்வைக்கான பிரிஸமும் உட்படக் கேமரா மொத்தம் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஈர்ப்பு மையம் திருகாணியின் அச்சிலிருந்து 4 செ.மீ. முன்னால் இருந்தால், கேமராவைத் திருகப் பார்க்கும் முறுக்கு விசை சுமார் 1 நியூட்டன் மீட்டர். உராய்வுக் கெழு 0.3, தட்டு தொடும் இடத்தின் சராசரி ஆரம் 1.5 செ.மீ. என்றால், அதைத் தாங்க ஏறத்தாழ 220 நியூட்டன் அழுத்தம் வேண்டும். அதாவது 22 கிலோ எடை அழுத்துகிற அளவு. ஆரத்தை 3 செ.மீ. ஆக்கினால் பாதி அழுத்தமே போதும். தட்டு அகலமாக இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

220 நியூட்டன் பெரிய அழுத்தமில்லை, ஒரு காசை வைத்து இறுக்கினாலே கிடைத்துவிடும். ஆனால் பழைய கேமராக்களின் அடியில் தோல் போன்ற உறை இருக்கும், மலிவான தட்டுகளின் மேல் தக்கையோ ரப்பரோ ஒட்டியிருக்கும். அழுத்தத்தில் இவை மெதுவாக நசுங்கிக்கொண்டே போகும். நசுங்க நசுங்க இறுக்கம் குறையும். ரப்பர் வழுக்காது என்பது உண்மைதான், ஆனால் அது வளையும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. திருகாணியின் மரை வலஞ்சுழி. நீங்கள் கேமராவின் பின்னால் நிற்கும்போது அதை உங்கள் வலப்பக்கம் சாய்த்தால், லென்ஸின் எடை திருகாணியை மேலும் இறுக்கும். இடப்பக்கம் சாய்த்தால் அதே எடை தளர்த்தும். செலவில்லாத வைத்தியம், முதலில் இதைச் செய்து பாருங்கள்.

நிரந்தரத் தீர்வு, கேமராவின் அடியையும் ஒரு பக்கத்தையும் ஒட்டி நிற்கும் எல் வடிவ பிராக்கெட். கேமராவைப் புரட்டினாலும் ட்ரைபாட்டின் தலை நிமிர்ந்தே இருக்கும், எடை நடுத்தண்டின் மேலேயே நிற்கும். ஆனால் எல் வடிவம் மட்டும் சுழற்சியைத் தடுக்காது, ஏனென்றால் கேமராவின் அடியில் இருப்பது அதே ஒற்றைத் திருகாணிதான். கேமராவின் விளிம்பை அணைத்து நிற்கும் சிறிய உதடு ஒன்று பிராக்கெட்டில் இருக்க வேண்டும். அப்போதுதான் வேலை உராய்வின் கையிலிருந்து உலோகத்தின் கைக்கு மாறும். டிஜிட்டல் கேமராக்களுக்கு இப்படி மாடலுக்கு மாடல் அச்சாகச் செதுக்கி விற்கிறார்கள். ஐம்பது வருடத்துக் கேமராவுக்கு யார் செய்வார்கள்?

எல்லாக் கேமராவுக்கும் இந்தத் தலைவலி கிடையாது. ஹாசல்பிளாட் 500சி/எம் எடுப்பது சதுரப் படம், திருப்பவே வேண்டாம். மமியா ஆர்பி67-இல் பின்புற ஃபிலிம் பெட்டியே சுழலும்.

பிராக்கெட் தேவைப்படுகிறவர்கள் பினாங்கின் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் தேடலாம், அல்லது ஒரு லேத் பட்டறைக்குப் போகலாம். எங்கே போனாலும் மரையில் கவனம் வேண்டும். கேமரா திருகாணி கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. விட்டம், அங்குலத்துக்கு 20 மரை. பெரிய கேமராக்கள் சிலவற்றில் எட்டில் மூன்று அங்குலம், 16 மரை. நம் ஊர் ஹார்டுவேர் கடையில் சட்டென்று கைக்கு வருவது எம்6 போல்ட்டு. அது 6 மி.மீ. விட்டம், மரை இடைவெளி 1 மி.மீ. கேமராவில் இடைவெளி 1.27 மி.மீ. இரண்டு சுற்று சமர்த்தாக ஏறும், அப்புறம் சிக்கும். அங்கே பலம் காட்டினால் போச்சு, கேமராவின் மரை தேய்ந்துவிடும். நீளமான போல்ட்டும் ஆபத்து. குழியின் ஆழம் சில மில்லிமீட்டர்தான், அதற்கு மேல் திருகினால் நுனி கேமராவின் உட்புறத்தைக் குத்தும்.

பட்டறையில் அலுமினியத் தகட்டின் தடிமனைக் கேட்பார்கள். இங்கே கஞ்சத்தனம் வேண்டாம். வளைவைத் தாங்கும் விறைப்பு தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. 4 மி.மீ. தகட்டை விட 6 மி.மீ. தகடு மூன்று மடங்குக்கும் மேல் விறைப்பானது. கேமரா விழாமலிருக்க 4 மி.மீ. தாராளமாகப் போதும், விறைப்பு தேவைப்படுவது அதிர்வுக்காக. பென்டாக்ஸ் 67-க்குள் இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி பெரிது, படமெடுக்கும் நொடியில் அது மேலே எழும்பி அடிக்கும் அடியில் முழு அமைப்பும் ஆடும். ஷட்டர் ஒரு நொடி திறந்திருந்தால் அந்த ஆட்டம் மொத்த நேரத்தில் ஒரு சிறு துண்டுதான். 1/500 நொடியில் நகர்வதற்கே நேரமில்லை. 1/15 நொடி பக்கம் வந்தால் திறப்பு நேரம் முழுவதுமே ஆட்டத்துக்குள் மாட்டிக்கொள்ளும், படம் கலங்கும். கண்ணாடியை முன்கூட்டியே உயர்த்தி நிறுத்தும் வசதி உள்ள மாடலென்றால் அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். தட்டின் மேல் தட்டு வைத்து உயரத்தைக் கூட்டாதீர்கள். உயரம் இரட்டித்தால் அசைவுக்கான நிலைமம் நான்கு மடங்காகும், ஆட்டம் அடங்கவும் நேரமாகும்.

பட்டறைக்குப் போகும்போது வெறும் அளவுத் தாளைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். “அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க” என்று கேமராவையே அவர் முன் வைத்து, அடியைக் காட்டுங்கள். பென்டாக்ஸ் 67-இன் அடியில் ஃபிலிம் சுருளைப் பிடித்திருக்கும் இரண்டு குமிழ்கள் உண்டு. சுருளை மாற்ற அவற்றை இழுத்தாக வேண்டும். தட்டு அவற்றை மூடிவிட்டால், 120 ஃபிலிமில் பத்துப் படம் முடிந்த ஒவ்வொரு முறையும் பிராக்கெட்டைக் கழற்றி மாட்ட வேண்டியதுதான். அந்த இரண்டு இடத்திலும் தகட்டை வெட்டி எடுக்கச் சொல்லுங்கள், ஆனால் உதட்டின் பக்கம் கை வைக்க வேண்டாமென்று சேர்த்துச் சொல்லுங்கள்.