வெல்டிங் வைத்த இடத்தில் மட்டும் காந்தம் ஏன் ஒட்டுகிறது?

"வீட்டுக்கு 304 கிரேடு எஸ்.எஸ். கேட் போட்டேன். குழாயில் காந்தம் ஒட்டவில்லை. வெல்டிங் வைத்த இடத்தில் மட்டும் லேசாக இழுக்கிறது. மட்டமான ராடு போட்டு ஏமாற்றிவிட்டார்களா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இல்லை சார். அந்த லேசான இழுப்பு நல்ல ராடுக்கான (வெல்டிங்கில் உருகி இணைப்பை நிரப்பும் கம்பி) அடையாளமாகவே இருக்கலாம்.

304 எஸ்.எஸ்.ஸில் (துருப்பிடிக்காத எஃகு) சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். அதன் படிக அமைப்புக்கு ஆஸ்டெனைட் என்று பெயர், காந்தம் ஒட்டாது. 304-ஐ இணைக்க 304 கம்பிதானே வேண்டும்? ஆனால் கடையில் 308எல் ராடுதான் எடுத்துத் தருவார்கள். அதில் குரோமியம் சுமார் 20, நிக்கல் சுமார் 10. ('எல்' என்றால் கார்பன் குறைவு, 0.03 சதவீதத்துக்குள், கார்பன் கூடினால் குரோமியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு துருவுக்கு வழிவிடும்.)

இந்தச் சின்ன வித்தியாசம் எதற்கு? குச்சி ஐஸ் உறைவதை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் முதலில் உறைந்து, இனிப்பையும் சாயத்தையும் ஒதுக்கித் தள்ளும். உருகிய எஃகும் அப்படித்தான். ஓரத்திலிருந்து வளரும் படிகங்கள், துளியூண்டு இருக்கும் கந்தகத்தையும் பாஸ்பரஸையும் மிச்சத் திரவத்துக்குள் தள்ளிக்கொண்டே போகின்றன. எஃகு 1400 டிகிரியை ஒட்டி உறைந்துவிடும். இரும்பும் இரும்பு சல்ஃபைடும் (இரும்பும் கந்தகமும் சேர்ந்தது) கலந்த கலவையோ 988 டிகிரி வரைகூடத் திரவமாகவே கிடக்கும். அதாவது, எல்லாம் கெட்டியான பிறகும் படிகங்களுக்கு நடுவே ஒரு மெல்லிய ஈரப்படலம். அந்த நேரம் பார்த்து உலோகம் சுருங்குகிறது. இந்த வகை எஸ்.எஸ். சாதா இரும்பைவிட ஒன்றரை மடங்கு சுருங்கும். படலம் தாங்குமா? வெல்டிங்கின் நட்டநடுவில் நீளமாக ஒரு விரிசல்.

308-இன் கணக்கு இதற்காகவே போட்டது. அது உறையும்போது முதலில் பிறப்பது ஆஸ்டெனைட் இல்லை, டெல்டா ஃபெரைட் என்ற வேறொரு படிக அமைப்பு. கந்தகத்தையும் பாஸ்பரஸையும் அது தள்ளிவிடாமல் தனக்குள் நிறையவே வாங்கிக்கொள்ளும். ஆறும்போது பெரும்பகுதி ஆஸ்டெனைட்டாக மாறிவிட, ஐந்து முதல் பத்து சதவீதம் போல ஃபெரைட்டாகவே மிஞ்சும். நுண்ணோக்கியில் பார்த்தால் மண்புழுக்கள் நெளிந்து கிடப்பது போலவே இருக்கும். எனக்கு இதைப் பார்த்து அலுத்ததே இல்லை. இந்தப் புழுக்களுக்குக் காந்தம் ஒட்டும். உங்கள் கேட்டில் இழுத்தது இவைதான்.

எவ்வளவு ஃபெரைட் மிஞ்சும் என்று முன்கூட்டியே கணிக்க ஷேஃப்லர் என்பவர் 1949-இல் ஒரு வரைபடம் தந்தார். ஃபெரைட்டைக் கூட்டும் குரோமியம் கோஷ்டி ஒரு பக்கம், ஆஸ்டெனைட்டைக் கூட்டும் நிக்கல் கோஷ்டி மறுபக்கம். அதில் கார்பனுக்கு நிக்கலைப்போல 30 மடங்கு எடை!

சரி, எஸ்.எஸ்.ஸைச் சாதா இரும்போடு இணைத்தால்? அதற்கு 309எல். தண்ணீர் சேரப்போகும் மோரில் முதலிலேயே உப்பைத் தூக்கலாகப் போடுவதுபோல, குரோமியத்தையும் நிக்கலையும் கூட்டி வைத்திருப்பார்கள். இரும்பு உருகிக் கலந்தாலும் தாங்கும். அங்கே 308 போட்டால் கலவை நீர்த்து, கடினமான, நொறுங்கும் மார்ட்டென்சைட் உருவாகலாம்.

ஜோசியரை நம்புவதைப்போல நாம் காந்தத்தை நம்புகிறோம். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த மலிவான 202 கிரேடு எஸ்.எஸ்.ஸிலும் காந்தம் ஒட்டாது. அதையும் 308எல் போட்டே இணைக்கலாம். உங்கள் இடத்தில் நான் இருந்தால், வெல்டிங்கை விட்டுவிட்டுக் குழாய் வாங்கிய பில்லைத் தேடியிருப்பேன்.